பன்னிரண்டு மெகாபிக்சலும் ஒரு கல்யாண மண்டபமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து வீடுகளில் பீரோவைத் துழாவினால் ஒரு சின்னக் கறுப்புப் பை அகப்படும். உள்ளே ஒரு குட்டி டிஜிட்டல் கேமரா இருக்கும். 2006-க்கும் 2013-க்கும் நடுவில் ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கலாம், இல்லாவிட்டால் துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்ததாக இருக்கலாம். மெகாபிக்சல் எண்ணிக்கை மட்டும் முகப்பில் பெரிய எழுத்தில் பொறித்திருக்கும். அந்த நாளில் கேமரா வாங்கப் போனவர்கள் கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் அதுதான்: எத்தனை மெகாபிக்சல்?

பையில் மெமரி கார்டும் இருந்துவிட்டால் ஒரு புதிரும் சேர்ந்து கிடைக்கும். காலை பத்து மணிக்கு வடதிருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில் வாசலில் எடுத்த குடும்பப் படம் பளிச்சென்று இருக்கிறது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைக்கூட எண்ணலாம். அதே கேமராவில் அன்று சாயங்காலம் அம்பத்தூர் கல்யாண மண்டபத்தில் எடுத்த ரிசப்ஷன் படத்தில் முகமெங்கும் சிவப்பும் நீலமுமாகப் பொடிப்புள்ளிகள். அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. மாமா கையில் இருந்த பழைய 6 மெகாபிக்சல் கேமரா அதே மேடையைப் புதிய 14 மெகாபிக்சல் கேமராவைவிடச் சுத்தமாகப் பிடித்திருக்கும். இது கற்பனையல்ல. 2006-இல் வெளிவந்த ஃபியூஜிஃபிலிம் ஃபைன்பிக்ஸ் எஃப்30 வெறும் 6.3 மெகாபிக்சல்தான். மங்கல் வெளிச்சத்துப் படங்களுக்காக அது வாங்கிய பெயரைப் பின்னால் வந்த எத்தனையோ 12, 14 மெகாபிக்சல் குட்டி கேமராக்களால் வாங்க முடியவில்லை.

இந்தப் புள்ளிகளை நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் இன்றும் ‘கிரெய்ன்ஸ்’ என்கிறார்கள். பிலிம் காலத்துப் பழக்கம் அது. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ பிலிமானாலும் கோடாக் பிலிமானாலும், அதன்மேல் வெள்ளி உப்பின் நுண்மணிகள் நிஜமாகவே பூசப்பட்டிருந்தன. படத்தைப் பெரிதாக்கினால் அந்த மணிகள் தெரிந்தன. டிஜிட்டல் கேமராவில் அப்படி எந்த மணியும் கிடையாது. அதன் உணரி, அதாவது சென்சார், மழமழவென்ற சிலிக்கான் வில்லை. பின்னே புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

பழியின் ஒரு பகுதியை முதலில் நம் கண்மேல் போடவேண்டும். மண்டபத்தில் சீரியல் விளக்கும் குழல் விளக்கும் ஜெகஜோதியாக எரிவதாக நமக்குத் தோன்றுகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் கோயில் வாசலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். மண்டபத்தில் விருந்தினர் உட்காரும் இடத்தில் நூறோ இருநூறோ இருந்தால் அதிகம். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வித்தியாசம். கண்மணி விரிந்தும், விழித்திரையின் உணர்திறனும் மூளையும் தம்மைச் சரிசெய்துகொண்டும், அந்த ஆயிரம் மடங்கை நமக்குத் தெரியாமலே மறைத்துவிடுகின்றன. கேமரா அதை மறைக்க முடியாமல் திண்டாடுகிறது.

அடுத்த படி கொஞ்சம் வியப்பானது. ஒளி தொடர்ச்சியாக ஊற்றுவதில்லை. துகள் துகளாக வருகிறது. சிலிக்கானில் ஓர் ஒளித்துகள், அதாவது ஃபோட்டான், விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் விடுபடும். இது 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கிய ஒளிமின் விளைவின் உறவினன். விடுபட்ட எலெக்ட்ரான்களைச் சின்னச் சின்னக் குழிகளில் சேர்த்துவைத்து எண்ணுவதுதான் டிஜிட்டல் கேமராவின் மொத்த வேலையும். அப்படி எண்ணும் சி.சி.டி. என்ற சில்லை பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969-இல் உருவாக்கினார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 2009-இல், அதற்கு நோபல் பரிசு வந்தது.

துகள் என்றதும் மழையை நினைத்துக்கொள்வது வசதி. மொட்டை மாடியில் ஒரே அளவுக் கிண்ணங்களை நெருக்கமாகப் பரப்பி வைத்திருக்கிறோம். தூறல் ஆரம்பிக்கிறது. ஒரு நிமிடம் விட்டு ஒவ்வொரு கிண்ணத்திலும் எத்தனை சொட்டு விழுந்தது என்று பார்க்கிறோம். மழை மாடி முழுக்கச் சீராகத்தான் பெய்கிறது. ஆனாலும் ஒரு கிண்ணத்தில் 9 சொட்டு, பக்கத்தில் 12, அதற்கடுத்ததில் 6 என்று இருக்கும். யாரும் தவறு செய்யவில்லை. சொட்டுகள் ஒன்றையொன்று கலந்து பேசிக்கொண்டு விழுவதில்லை, அவ்வளவுதான்.

தனித்தனியாக, தற்செயலாக நிகழும் எதற்கும் இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும் என்று கணிதத்தில் ஒரு விதி இருக்கிறது. சிமியோன் தெனி புவாசோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1837-இல் எழுதியது. பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் ஆண்டுக்கணக்கும் இந்த விதிக்கு ஒத்துப்போகிறது என்று 1898-இல் போர்ட்கீவிச் என்பவர் காட்டினார். ஒளிக்கும் உதைக்கும் ஒரே கணக்கு என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. விதி சொல்வது இது: சராசரியாக எத்தனை விழுகிறதோ, அதன் வர்க்கமூலம்தான் ஏற்ற இறக்கம். சராசரி 100 சொட்டு என்றால் கூடக்குறைய 10 ஆடும், அதாவது பத்து சதவீதம். சராசரி 10,000 சொட்டு என்றால் 100 ஆடும். எண்ணளவில் அது பெரிது. விகிதத்தில் பார்த்தால் ஒரே ஒரு சதவீதம்.

இப்போது கிண்ணத்தை எடுத்துவிட்டுப் படப்புள்ளியை, அதாவது பிக்சலை, வையுங்கள். ஒரு குட்டி கேமராவின் பிக்சல் ஒரு பக்கம் சுமார் 1.3 மைக்ரான். மண்டப வெளிச்சத்தில், ஷட்டர் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால், நடுத்தர நிறமுள்ள ஒரு சட்டையிலிருந்து வந்து ஒரு பிக்சலில் பதிவாகும் ஒளித்துகள்கள் ஏறக்குறைய நூறு என்ற அளவில்தான் இருக்கும். ஆக ஒரே நிறச் சட்டையில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் பத்து சதவீதம் முன்னும் பின்னுமாக அளவு காட்டும். கோயில் வாசல் வெயிலில் அதே பிக்சலில் ஆயிரக்கணக்கில் துகள் சேர்ந்துவிடுவதால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ‘கிரெய்ன்ஸ்’ கேமராவின் குற்றம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி ஒளியின் குணம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இதைத்தான் பொறியாளர்கள் இரைச்சல் என்கிறார்கள்.

இது வெறும் கணக்கில்லை, உண்மை என்று எப்படித் தெரியும்? சோதனை எளியது. வெள்ளையடித்த ஒரு சுவரை, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, எந்த அமைப்பையும் மாற்றாமல் அடுத்தடுத்து இரண்டு முறை எடுக்கவேண்டும். பிறகு கணினியில் ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழிக்கவேண்டும். சுவரின் கறை, லென்ஸின் ஓர மங்கல், உணரியில் ஒட்டிய தூசு எல்லாம் இரண்டு படத்திலும் ஒன்றேதான், ஆகவே கழித்ததும் மறைந்துவிடும். மிஞ்சுவது இரைச்சல் மட்டும். அடுத்து வெளிச்சத்தை நான்கு மடங்காக்கி இதையே செய்தால் இரைச்சல் இரண்டு மடங்காகிறது. ஒன்பது மடங்காக்கினால் மூன்று மடங்கு. இரைச்சல் மின்சுற்றில் மட்டுமே பிறப்பதாக இருந்தால் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் அது அப்படியே இருந்திருக்கும். வர்க்கமூலத்தில் அது ஏறுவதுதான், உள்ளே எண்ணிக்கை நடக்கிறது என்பதற்குச் சாட்சி. இந்த ஏற்றத்தை வரைபடமாக்கி, கேமரா காட்டும் ஓர் எண் உண்மையில் எத்தனை எலெக்ட்ரானுக்குச் சமம் என்றும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு எலெக்ட்ரானையும் நேரில் பார்க்காமல் அவற்றை எண்ணிவிடுகிறோம். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் சி.சி.டி. வைத்து நட்சத்திரம் அளப்பவர்களுக்கு இந்தச் சோதனை பாலபாடம். வீட்டுக் கேமராவில் செய்வதாக இருந்தால் ஒரு தடை உண்டு. கேமரா தன் கைவரிசையைக் காட்டுவதற்கு முந்திய கச்சாப் பதிவு வேண்டும், குட்டி கேமராக்கள் பெரும்பாலும் அதைக் கொடுக்காது. பழைய கேனன் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆர்வலர்கள் எழுதிய சி.எச்.டி.கே. என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் போட்டால் பல மாடல்கள் கச்சாப் பதிவைக் கொடுத்துவிடும்.

புள்ளிகளைக் குறைக்க ஒரே வழி அதிகத் துகளைச் சேர்ப்பது என்றாகிறது. மாடி பெரிதாக இருந்தால் அதிக மழை சேரும், உணரி பெரிதாக இருந்தால் அதிக ஒளி சேரும். கேமரா அட்டைப்பெட்டியில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் ‘1/2.3 அங்குல சென்சார்’ என்று போட்டிருப்பார்கள். மெகாபிக்சல் எண்ணைவிட முக்கியமான எண் அதுதான். ஆனால் அதைப் படித்து ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. அந்த அங்குலம் உணரியின் அளவே இல்லை. ஒரு காலத்தில் டி.வி. கேமராக்களில் கண்ணாடிக் குழாய்கள் இருந்தன, குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அளவு சொன்னார்கள். குழாய் ஒழிந்து எத்தனையோ காலமாகியும் கணக்கு ஒழியவில்லை. ‘1 அங்குல’ உணரியின் மூலைவிட்டம் உண்மையில் 16 மில்லிமீட்டர்தான்.

அசல் அளவுகள் இவை. பெரும்பாலான குட்டி கேமராக்களில் இருக்கும் 1/2.3 உணரி 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ., பரப்பு 28 சதுர மி.மீ. மாமாவின் எஃப்30-இல் இருந்த 1/1.7 உணரி சுமார் 43. 2012-இல் சோனி ஆர்எக்ஸ்100 சட்டைப் பைக்குள் நுழைத்த ‘1 அங்குல’ உணரி 116. கல்யாணப் போட்டோகிராபர் தோளில் தொங்கும் முழுச்சட்டக் கேமராவில் 864. மற்றதெல்லாம் சமமாக இருந்தால், 28-க்கும் 864-க்கும் நடுவில் ஒளிச் சேகரிப்பில் முப்பது மடங்கு வித்தியாசம், இரைச்சலில் ஐந்தரை மடங்கு. எந்த மென்பொருளும் இந்த இடைவெளியை இலவசமாக அடைத்துவிடாது.

மெகாபிக்சல் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. ‘கூடக்கூட நல்லது’ என்பது கடைக்காரரின் நம்பிக்கை. ‘பிக்சல் சிறுத்தால் படம் கெடும்’ என்பது கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களின் நம்பிக்கை. இரண்டாவது முதலாவதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதுவும் முழு உண்மையல்ல. மாடிக்கே போய்ப் பார்க்கலாம். அதே மாடியில் பெரிய அண்டா நான்கு வைத்தாலும், சின்னக் கிண்ணம் பதினாறு வைத்தாலும், இடைவெளி இல்லாமல் அடுக்கினால் மொத்த மழை ஒன்றுதான். ஒரு கிண்ணத்தை மட்டும் தனியே பார்த்தால் ஆட்டம் அதிகம். நான்கு கிண்ணத்தைச் சேர்த்துக் கூட்டினால் அது ஓர் அண்டாவுக்குச் சமமாகிவிடும். படத்தை அச்சிடும்போதும் செல்போன் திரையில் சுருக்கிப் பார்க்கும்போதும் இந்தக் கூட்டல் தானாக நடக்கிறது. எனவே பிக்சலைப் பெரிதாக்கித் திரையில் உற்றுப் பார்த்துவிட்டு ‘14 மெகாபிக்சல் மோசம்’ என்று தீர்ப்பளிப்பது அநியாயம்.

பின்னே மாமாவின் கேமரா ஏன் ஜெயித்தது? அதன் மாடி ஒன்றரை மடங்கு பெரிது என்பது முதல் காரணம். அது மட்டும் போதாது. இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன, அவை கிண்ணங்களைச் சிறிதாக்கும்போதுதான் வெளியே வருகின்றன. ஒன்று, கிண்ணத்துக்குக் கிண்ணம் விடும் சந்து. பழைய உணரிகளில் ஒவ்வொரு பிக்சலின் முகப்பிலும் கம்பிகளும் மின்சுற்றும் இடம் பிடித்தன. எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டச் சந்துகள் மாடியைத் தின்றன. ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலே ஒரு நுண்லென்ஸ் வைத்து, சந்தில் விழும் ஒளியை உள்ளே திருப்பிப் பார்த்தார்கள், ஓரளவுக்குத்தான் பலித்தது. இரண்டாவது காரணம் அளவுப் பிழை. ஒவ்வொரு கிண்ணத்தையும் எண்ணும்போது ஒன்றிரண்டு சொட்டு தவறாகக் கணக்காகும் என்று வையுங்கள். நான்கு அண்டாவை எண்ணினால் நான்கு பிழை, பதினாறு கிண்ணத்தை எண்ணினால் பதினாறு பிழை. உணரியில் எலெக்ட்ரான்களைப் படித்தெடுக்கும்போதும் இதுவே நடக்கிறது. இன்றைய நல்ல உணரிகளில் இந்தப் படிப்பிழை இரண்டு மூன்று எலெக்ட்ரானுக்குள் அடங்கிவிடும், அந்தக் காலத்துக் குட்டி சி.சி.டி.களில் அதைவிட நன்றாகவே அதிகம். வெயிலில் பத்தாயிரத்துக்கு நடுவே அது ஒரு பொருட்டில்லை. மண்டபத்து இருட்டு மூலையில் மொத்தமே இருபது எலெக்ட்ரான் வரும் இடத்தில் படத்தைச் சிதைக்க அது போதும்.

இதை ஒரு கம்பெனியே வாய்விட்டுச் சொல்லாமல் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி உண்டு. கேனன் 2008-இல் பவர்ஷாட் ஜி10 என்ற உயர்ரகக் குட்டி கேமராவை 14.7 மெகாபிக்சலில் விட்டது. அடுத்த ஆண்டு வந்த ஜி11-இல் உணரியின் அளவு அதே 1/1.7, மெகாபிக்சல் மட்டும் 10. எண்ணிக்கை ஏறியே பழகிய சந்தையில் புது மாடல் ஒன்று இறங்கி வந்தது அப்போது பெரிய செய்தி. அதே சமயத்தில் சோனி வேறொரு வழியைப் பிடித்தது. உணரியைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை ஒளி விழும் முகத்திலிருந்து பின்பக்கம் தள்ளியது. பின்னொளி உணரி எனப்படும் இந்த வகை 2009 முதல் குட்டி கேமராக்களில் வரத் தொடங்கியது. சந்துப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. இன்று செல்போனில் 50 மெகாபிக்சல் சாத்தியமாவதற்கு அதுவே அடித்தளம். அந்த 50-உம் பெரும்பாலும் நான்கு நான்காகக் கூட்டப்பட்டு 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் நம் கைக்கு வருகிறது என்பது வேறு கதை.

உண்மையில் எத்தனை மெகாபிக்சல் தேவை? ஆல்பத்தில் ஒட்டும் 6-க்கு 4 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், இரண்டே கால் மெகாபிக்சல்கூட ஆகாது. 12-க்கு 8 அங்குலம் என்றால் எட்டரைக்குச் சற்று மேல். கரிஷ்மா ஆல்பத்தின் இரட்டைப் பக்கத்தை ஒரே படத்தால் நிரப்புகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு 10 போதும்.

பொடிப்புள்ளிகளை மறைக்க கேமராவுக்குள் இருக்கும் சில்லு ஒரு வேலை செய்கிறது. பக்கத்துப் பிக்சல்களோடு ஒத்துப்போகாத பிக்சலைப் பிடித்து அவற்றின் சராசரிக்கு இழுத்துவிடுகிறது. சட்டை சுத்தமாகிறது. ஆனால் எது இரைச்சல், எது உண்மையான நுண்விவரம் என்று அதற்குத் தெரியாது. காஞ்சிப் பட்டின் சரிகைப் புட்டாவும் பக்கத்தோடு ஒத்துப்போகாததுதான், கூந்தலில் தொடுத்த மல்லிகையின் மொட்டுக்கு மொட்டு இடைவெளியும் அப்படியே. இரண்டையும் தேய்த்துவிடுகிறது. கேமராக்களை ஒப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்த்து ஏமாறுவார்கள், ஏனென்றால் தேய்த்த முகம் அழகாகவே தெரியும். நான் பூவையும் சரிகையையும் பார்ப்பேன். மல்லிகைச் சரம் ஒற்றை வெள்ளைப் பட்டையாகிவிட்டதென்றால் உள்ளே துகள் பற்றாக்குறை என்று அர்த்தம்.

ஐ.எஸ்.ஓ.வைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஐ.எஸ்.ஓ. ஏற்றினால் கிரெய்ன்ஸ் வரும்’ என்று எல்லோரும் சொல்கிறோம். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவது உணரிக்கு ஒரு துகளைக்கூட அதிகமாகத் தராது. சேர்ந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அதனுடன் ஆட்டத்தையும் பெருக்கிக் காட்டுகிறது. ஒளி குறைந்ததால்தான் ஐ.எஸ்.ஓ. ஏறியது, புள்ளிகள் வந்ததும் அதனால்தான்.

இதுவரை மாடியைப் பற்றியே பேசிவிட்டேன். லென்ஸைப் பற்றிப் பேச பருத்திப்பட்டு ஏரிக்குப் போகவேண்டும். ஆவடியில் இந்த ஏரிக்கரையைப் பசுமைப் பூங்காவாக்கிய பிறகு காலை நடைக்கு வருகிறவர்களோடு பறவை பார்க்க வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். நீலத் தாழைக்கோழியும் புள்ளிமூக்கு வாத்தும் கூழைக்கடாவும் கரையிலிருந்து எட்டாத தூரத்தில் நிற்கும். லட்சக்கணக்கில் செலவழித்துப் பெரிய டெலி லென்ஸ் வாங்க முடியாதவர்களுக்கு நிக்கான் 2015-இல் விட்ட கூல்பிக்ஸ் பி900 வரப்பிரசாதமாக வந்தது. 83 மடங்கு ஜூம். 2018-இல் வந்த பி1000-இல் 125 மடங்கு. கையில் எடுத்தால் குட்டி என்று சொல்ல மனம் வராது, ஆனால் உள்ளே இருப்பது அதே 28 சதுர மி.மீ. உணரிதான். அதனால்தான் இவ்வளவு ஜூம் சாத்தியம். உணரி சிறிதென்றால் சின்ன லென்ஸே தொலைவைக் கிட்டே இழுத்துவிடும்.

அந்த ஜூமுக்கு இரண்டு விலை உண்டு. பி900-இல் ஜூம் இல்லாதபோது லென்ஸின் துளை எண் 2.8. முழு ஜூமில் 6.5. இந்த எண் கூடினால் உணரியில் விழும் ஒளி அதன் வர்க்கத்தில் குறையும். இங்கே ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சுகிறது. விடிகாலையில் எடுத்த தாழைக்கோழியின் இறகில் புள்ளிகள் வருவது அதனால்.

இரண்டாவது விலையை எந்த மேகமில்லாத காலையும் தள்ளுபடி செய்யாது. ஒளி ஒரு துளை வழியே போகும்போது விளிம்பில் வளைந்து பரவுகிறது. பள்ளிப் புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்போம். சென்னைக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவராக இருந்த சி.வி. ராமன் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை, செவ்வகத் துளையின் விளிம்பு விளைவு பற்றியது. 1906-இல் லண்டனின் பிலசாபிகல் மேகசீனில் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. வட்டத் துளை என்றால் என்ன ஆகும் என்பதை அதற்கு எழுபது ஆண்டுக்கு முன்பே, 1835-இல், ஜார்ஜ் ஏரி கணக்கிட்டிருந்தார். ஒரு நட்சத்திரத்தின் பிம்பம்கூட ஒரு புள்ளியாக விழாது, மங்கலான ஒரு சின்ன வட்டமாகவே விழும். துளை எண் கூடக்கூட அந்த வட்டம் பெரிதாகும். பி900-இன் முழு ஜூமில், பச்சை ஒளிக்கு, வட்டத்தின் விட்டம் 8.7 மைக்ரான். ஒரு பிக்சலோ 1.34 மைக்ரான். கூழைக்கடாவின் கண்ணில் இருக்கும் ஒரு நுண்புள்ளி ஆறேழு பிக்சல் அகலத்துக்குப் பரவித்தான் விழுகிறது. அந்த 16 மெகாபிக்சலில் ஏறக்குறைய பாதி, முழு ஜூமில், புது விவரம் எதையும் தருவதில்லை. கண்ணாடியை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் இது மாறாது.

ஏரியில் இன்னொரு வில்லனும் உண்டு. ஒன்பது மணி தாண்டினால் கரையும் நீரும் சூடேறி மேலே காற்று அலையடிக்கும். தூரத்துப் பறவையின் ஓரங்கள் நெளியும். அப்போது எடுத்த படத்தை வைத்துக் கேமராவுக்கு மதிப்பெண் போடுவது தவறு. பறவைக்காரர்கள் ஆறரை மணிக்கே கரையில் நிற்பது பறவைக்காக மட்டும் அல்ல.

வெப்பம் உணரியையும் விட்டுவைப்பதில்லை. சூட்டினால் ஒளி விழாமலே எலெக்ட்ரான்கள் கசியும். ஆறிலிருந்து எட்டு டிகிரி கூடினால் கசிவு இரட்டிப்பாகும். நிமிடக்கணக்கில் ஒளி சேர்க்கும் வானியலாளர்கள் அதனால்தான் சி.சி.டி.யைத் திரவ நைட்ரஜன் வைத்துக் குளிரவைக்கிறார்கள். நமக்கு முப்பதில் ஒரு பங்கு நொடியில் அது ஒன்றும் செய்யாது. மே மாத இரவில் மொட்டை மாடியிலிருந்து பதினைந்து நொடி திறந்துவைத்து வானத்தை எடுத்தால், இல்லாத நட்சத்திரங்கள் சிவப்பும் பச்சையுமாகச் சில சேர்ந்துவிடும்.

ஆகவே இரண்டு கேமராக்களை ஒப்பிடுவதென்றால், ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் ஒரே சட்டகத்தை, கை ஆடாமல், இரண்டிலும் எடுத்து, ஒரே அளவுக்குச் சுருக்கிப் பார்க்கவேண்டும். வெயிலில் ஒன்று, மண்டபத்தில் ஒன்று. வெயிலில் எல்லாக் கேமராவும் பாஸாகிவிடும். வித்தியாசம் தெரிவது மண்டபத்தில்தான்.

இந்தப் பரீட்சையில் இன்றைய செல்போன் பழைய குட்டி கேமராக்களைப் பெரும்பாலும் வென்றுவிடும். சாமர்த்தியம் நேரத்தில் இருக்கிறது. இரவு வசதியை அமுக்கினால் அது ஒன்றுக்குப் பதிலாகப் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டுகிறது. மாடி சிறிதானாலும் நெடுநேரம் மழை பிடிக்கிறது. 2010-இல் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போன குட்டி கேமராக்கள், 2023-இல் 20 லட்சத்துக்கும் கீழே விழுந்ததில் இந்தக் கூட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அடுக்க வேண்டுமானால் எதிரில் இருப்பவர் அசையாமல் நிற்கவேண்டும். மேடையில் ஓடும் குழந்தையை அடுக்க முடியாது.

கல்லூரிப் பிள்ளைகள் இப்போது பீரோவிலிருந்து அந்தக் கறுப்புப் பையை மறுபடி எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தது பெரும்பாலும் உணரி அல்ல, ஃபிளாஷ். குட்டி கேமராவில் இருப்பது செனான் ஃபிளாஷ், செல்போனில் இருப்பது எல்.இ.டி. செனான் விளக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவில் மின்னி, அதற்குள் எல்.இ.டி.யால் தரவே முடியாத ஒளியைக் கொட்டிவிடுகிறது. துகள் பஞ்சம் தீர்கிறது, ஓடும் குழந்தையும் உறைந்து நிற்கிறது. ஆனால் தூரம் மூன்று மடங்கானால் அந்த ஒளி ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். முன்னால் நிற்கும் தோழியின் முகம் வெளேரென்றும் பின்னணி கும்மிருட்டாகவும் விழும் அந்தத் தோரணைக்குக் காரணம் இந்த வர்க்கக் கணக்குதான்.

பத்தாவது வரிசை நாற்காலியிலிருந்து மேடையை நோக்கி அடிக்கும் ஃபிளாஷ் முன்வரிசைத் தலைகளுக்குத்தான் பயன்படும். அங்கிருந்து எடுப்பதென்றால் அதை அணைத்துவிட்டு, முழங்கையை எதிர் நாற்காலி முதுகில் ஊன்றிக்கொண்டு, வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிப் பிடிக்கும் வரை காத்திருக்கவேண்டும். அந்த லைட் எரியும்போது மேடையில் வெளிச்சம் பல மடங்காகிறது, மணமக்களும் அவருக்காக அசையாமல் நிற்கிறார்கள். அவர் லைட்டை இறக்குவதற்குள் எடுத்துவிடவேண்டும்.